மவுண்டன் பைக்குக்கு மண் ஜம்ப் கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக மண் ஜம்ப் கட்டத் தொடங்கும் நண்பர்கள் பலரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களை, ஏறக்குறைய ஒரே வரிசையில் என்னிடம் கேட்டுவருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முதல் சில பதில்களில் வரும் அளவுகளே பிந்தைய பதில்களுக்கும் அடிப்படை என்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

மண்ணைக் குவித்து அதன் மேல் ஏறிக் குதிப்பதுதானே? இதில் கட்டுவதற்கு என்ன இருக்கிறது?

ஒரு ஜம்ப்புக்கு நான்கு உறுப்புகள் உண்டு: வேகம் எடுக்கும் ஓடுதளம், வளைந்து உயரும் ஏற்றம், அது முடியும் விளிம்பு, சைக்கிளை வாங்கிக்கொள்ளும் இறக்கம். விளிம்புக்கும் இறக்கத்தின் உச்சிக்கும் நடுவில் மண் நிரம்பியிருந்தால் அது டேபிள்டாப். பள்ளமாக இருந்தால் டபுள்.

புதியவர்கள் ஏற்றத்தை மட்டும் கட்டிவிட்டு, இறங்குவதற்குச் சமதரை போதும் என்று நினைக்கிறார்கள். 60 செ.மீ. உயர விளிம்பிலிருந்து 30 பாகைக் கோணத்தில் மணிக்கு 17 கி.மீ. வேகத்தில் கிளம்பும் சைக்கிள், விளிம்புக்கு மேல் இன்னும் சுமார் 29 செ.மீ. எழும்பும். அது சமதரையில் வந்து விழுந்தால், ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்திலிருந்து நேராகத் தரையில் விழுந்ததற்கு ஒப்பான அடி மணிக்கட்டிலும் கணுக்காலிலும் முதுகிலும் இறங்கும். அதே சைக்கிள், தான் விழும் கோணத்துக்கு இணையாகச் சரிந்த மண்ணைத் தொட்டால், அடி என்று சொல்லும்படி எதுவும் தெரியாது. கட்டும் வேலை என்பது பெரும்பாலும் இந்தச் சரிவைச் சரியான இடத்தில் வைப்பதுதான்.

முதன்முதலாகக் கட்டுகிறேன். எந்த வகை, எவ்வளவு உயரம்?

டேபிள்டாப் கட்டுங்கள். வேகம் குறைந்தால் மேடையின் மேல் இறங்கி உருண்டு போய்விடலாம். டபுளில் வேகம் குறைந்தால் எதிர்மேட்டின் முகப்பில் முன்சக்கரம் மோதும். இந்த ஒரு வேறுபாடே போதுமான காரணம்.

நான் பரிந்துரைக்கும் அளவுகள் இவை: விளிம்பு உயரம் 60 செ.மீ., விளிம்பில் கோணம் 30 பாகை, ஏற்றத்தின் அடிநீளம் 2.25 மீட்டர், மேடை 2 மீட்டர், இறக்கம் 25 பாகைச் சரிவில் குறைந்தது 1.3 மீட்டர். மேற்புற அகலம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. இறக்கம் அதைவிட அகலமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் காற்றில் சற்றே கோணலாகப் போனவரும் அதில் பத்திரமாக இறங்க முடியும்.

எங்கள் நிலத்து மண் இதற்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேர்களும் மக்கிய இலைகளும் கலந்த கருத்த மேல்மண்ணை முதலில் சீவி ஒதுக்கிவிடுங்கள். அது பஞ்சுபோல நீரைக் குடிக்கும், எவ்வளவு அடித்தாலும் இறுகாது, நாளாக நாளாக மக்கிச் சுருங்கும். அதற்குக் கீழே கிடைக்கும் மண்தான் உங்கள் கட்டுமானப் பொருள்.

அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். விரல் ரேகைகள் உருண்டையின் மேல் பதிந்து நிற்க வேண்டும். அதே சமயம் கையில் சேறு ஒட்டக் கூடாது. பிறகு உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டுகளாகப் பிளந்தால் மண்ணும் ஈரமும் சரியாக இருக்கின்றன. பொடிப்பொடியாகச் சிதறினால் மணல் அதிகம் அல்லது ஈரம் போதாது. பிளக்காமல் அப்படியே தட்டையாக அமுங்கினால் ஈரம் அதிகம்.

களிமண் அதிகமுள்ள மண் நன்றாக இறுகும் என்பதால் அதையே பலரும் தேடுகிறார்கள். ஆனால் கிட்டத்தட்ட முழுக்கக் களிமண்ணாக இருந்தால், காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் கொஞ்சம் மணல் கலந்தால் வெடிப்பு குறையும். வெறும் மணற்பாங்கான மண்ணில் செங்குத்தான ஏற்றம் நிற்காது. வெளியிலிருந்து களிமண் கொண்டுவந்து கலக்க வழியில்லை என்றால், அத்தகைய இடத்தில் தாழ்வான ரோலர்களோடு (பறக்காமல் உருண்டே கடக்கும் வளைந்த மேடுகள்) நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஒரே ஆள், ஒரு விடுமுறை நாள். முடித்துவிடலாமா?

முடியாது. மேலே சொன்ன சிறிய டேபிள்டாப்புக்கே, பக்கச் சரிவுகளையும் சேர்த்து, இறுகிய நிலையில் ஏறத்தாழ 4 கன மீட்டர் மண் வேண்டும். தோண்டி எடுத்த தளர்ந்த மண்ணாகக் கணக்கிட்டால் 5 கன மீட்டருக்கு மேல் வரும். ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டியில் ஒரு நடைக்கு 70 லிட்டர் என்று வைத்தாலும் 75 நடை. எடையில் சுமார் 7 டன். இருவர் சேர்ந்தால் சில வார இறுதிகளில் முடியும் வேலை இது. உயரம், அகலம், நீளம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் மண் எட்டு மடங்காகும் என்பதையும் பெரிய ஜம்ப்பைக் கற்பனை செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மண் மிச்சமாகட்டும் என்று உள்ளே மரக்கட்டை, பழைய டயர் போடலாமா?

இரண்டும் வேண்டாம். டயர் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும். அதன் மேல் போடும் மண் ஒருபோதும் இறுகாது. மரம் மக்கும். நான் கட்டிய பழைய ஜம்ப் ஒன்றில் மேடைக்கடியில் கட்டைகளை அடுக்கியிருந்தேன். முதல் ஆண்டு ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாம் மழைக்காலம் முடிந்தபின் ஒரு காலையில், மேடையின் நடுவே முன்சக்கரம் முழுதாக இறங்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தபோது கட்டை இருந்த இடத்தில் ஈரத் தூள்தான் இருந்தது. அதற்கு முந்தைய மாலைவரை அதன் மேல் சிறுவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

உடைந்த செங்கல், கல், கான்கிரீட் துண்டு ஆகியவற்றை மேட்டின் அடிவயிற்றில் போடலாம். இடுக்குகளில் மண்ணைத் திணித்து அடித்து, மேலும் பக்கங்களிலும் குறைந்தது 30 செ.மீ. தூய மண் மூடியிருக்க வேண்டும். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட்டை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்.

என்னென்ன கருவிகள் தேவை?

கடப்பாரை, மண்வெட்டி, தட்டையான முதுகுள்ள ஷவல், தள்ளுவண்டி, திமிசுக்கட்டை, இரும்புப் பல்வாரி, நூல், அளவுநாடா, ரசமட்டம், பூவாளி அல்லது குழாய். இவற்றோடு ஒரு முழு பிளைவுட் பலகை. அதன் பயன் ஏற்றத்தின் வளைவைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

ஏற்றத்தை முதலில் கட்டி, எவ்வளவு தூரம் பறக்கிறேன் என்று பார்த்துவிட்டு, பிறகு இறக்கத்தைக் கட்டலாமா?

இந்த யோசனை கேட்பதற்கு அறிவுபூர்வமாகத் தோன்றினாலும் ஆபத்தானது. இறக்கம் இல்லாத ஏற்றம் எவருக்காவது ஆசையைத் தூண்டிவிடும். "சும்மா ஒருமுறை" என்று ஏறுபவர் முதல் பதிலில் சொன்ன சமதரையில்தான் விழுவார். இறக்கத்தையும் மேடையையும் முழுமையாகக் கட்டி இறுக்கிய பிறகே ஏற்றத்தில் கைவையுங்கள். வேலை பாதியில் நிற்கும் நாட்களில் மேட்டின் முன்னால் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டுவைப்பதும் என் வழக்கம்.

மண்ணை எப்படி இறுக்குவது? மேலே ஏறி மிதித்தால் போதாதா?

மொத்தமாகக் குவித்துவிட்டு மேலே மிதித்தால் மேல்தோல் மட்டுமே இறுகும். உள்ளே தளர்ந்த மண் மழையில் உட்கார்ந்து, மேட்டின் உருவமே மாறிவிடும். 15 செ.மீ. கனத்துக்கு மண்ணைப் பரப்பி, ஈரம் போதவில்லை என்றால் தெளித்து, திமிசுக்கட்டையால் அடித்து, பிறகு அடுத்த அடுக்கைப் போட வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் மேற்பரப்பையும் பல்வாரியால் லேசாகக் கீறிவிட்டால் அடுத்த அடுக்கு அதனோடு பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இரண்டும் அப்பளம்போலத் தனித்தனியாக உரியும்.

போதுமான அளவு இறுகிவிட்டதா என்பதைக் காது சொல்லும். தொடக்கத்தில் திமிசுக்கட்டை "தொப், தொப்" என்று மங்கலாக ஒலிக்கும். இறுக இறுக ஒலி உயர்ந்து, கடைசியில் "டக்" என்று கட்டை கைக்குத் திரும்பி எழும்பும். அந்த ஒலி வரும்வரை அடுத்த அடுக்குக்குப் போகாதீர்கள். கடைசி அடுக்குக்குச் சல்லடையில் சலித்த, கல்லில்லாத மண்ணைப் போட்டு, ஷவலின் முதுகால் அறைந்து வழுவழுப்பாக்குங்கள்.

ஏற்றத்தின் வளைவைக் கண்ணால் பார்த்தே போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறுமாதிரி வருகிறது.

கண் ஏமாற்றும். ஏற்றம் என்பது ஒரு வட்டத்தின் துண்டு. ஆகவே வட்டத்தை வரைந்துகொண்டுதான் கட்ட வேண்டும். 60 செ.மீ. உயரமும் 30 பாகையும் வேண்டுமென்றால் ஆரம் சுமார் 4.5 மீட்டர். சமதரையில் பிளைவுட் பலகையைக் கிடத்தி, அதன் நீள விளிம்பின் ஒரு முனையில் தொடங்கி, அந்த விளிம்புக்குச் செங்குத்தாக 4.5 மீட்டர் தள்ளி ஒரு முளை அடியுங்கள். அதில் நூல் கட்டி, மறுமுனையில் பென்சிலைப் பிடித்துப் பலகையின் மேல் இழுத்தால், அந்த முனையில் தரைமட்டமாகத் தொடங்கி 60 செ.மீ. உயரத்தில் முடியும் வில் கிடைக்கும். முழுப் பலகையின் நீளம் ஏறத்தாழ 2.44 மீட்டர் என்பதால் 2.25 மீட்டர் வில் அதில் அடங்கும். வெட்டி எடுத்தால் அதுவே அச்சுப்பலகை.

மண்ணைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே அடித்துக் குவித்து, பிறகு அச்சுப்பலகையை நிறுத்தி, அது உட்காரும்வரை ஷவலின் கூர்முனையால் சீவிக்கொண்டே வாருங்கள். குறையும் இடத்தில் மண்ணை ஒட்டுவதைவிட அதிகமாக உள்ள மண்ணைச் சீவுவதே எப்போதும் உறுதியானது. இடது, நடு, வலது என மூன்று இடங்களில் பலகையை வைத்துப் பார்த்து, விளிம்பின் குறுக்கே ரசமட்டமும் வையுங்கள். விளிம்பு ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சைக்கிளும் அந்தப் பக்கமே பறக்கும்.

ஆரம் குறையக் குறைய ஏற்றம் சட்டென்று மேலே உதைக்கும். 1 மீட்டர் உயரத்தை 45 பாகையில் முடித்தால் ஆரம் 3.4 மீட்டராகிவிடும், அது பழகியவர்களுக்கான வடிவம்.

எவ்வளவு வேகத்தில் வந்தால் இறக்கத்தில் சரியாக விழுவேன்?

பறக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விளிம்பும் இறங்கும் இடமும் ஒரே உயரத்தில் இருந்து, கோணம் 30 பாகையாக இருந்தால், மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 2.7 மீட்டரும் 30 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 6.1 மீட்டரும் கிடைக்கும். வேகம் ஒன்றரை மடங்கானால் தூரம் இரண்டேகால் மடங்காகிறது.

இந்த வேகம் விளிம்பில் இருக்கும் வேகம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏற்றம் ஏறும்போதே சைக்கிள் வேகத்தை இழக்கிறது. நமது 60 செ.மீ. டேபிள்டாப்பில் 2 மீட்டர் மேடையைத் தாண்ட விளிம்பில் 17 கி.மீ. வேண்டும், அதற்கு அடிவாரத்தில் 21 கி.மீ. இருக்க வேண்டும். அதே அடிவாரத்தை 25 கி.மீ. வேகத்தில் தொட்டால், விளிம்பின் உயரத்துக்குத் திரும்ப இறங்கும்போதே 3.2 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள், தரை இன்னும் கீழே இருக்கும். மேடையும் இறக்கமும் சேர்ந்தே 3.3 மீட்டர்தான் என்பதால், இறக்கத்தைத் தாண்டிச் சமதரையில் விழுவீர்கள். வெறும் 4 கி.மீ. வேறுபாட்டில் இவ்வளவும் நடக்கிறது. இறக்கத்துக்குச் சொன்ன 1.3 மீட்டரைக் குறைந்த அளவு என்று குறிப்பிட்டதற்கு இதுவே காரணம். மண் மிஞ்சினால் அதை இறக்கத்தை நீட்டவே செலவிடுங்கள். இடமே லேசாகக் கீழ்நோக்கிச் சரிந்திருந்தால், கூடுதல் மண் இல்லாமலேயே இறக்கம் நீளும்.

இவை உடலை அசைக்காமல் ஒரு பொருளைப்போல ஏறிப் பறப்பவருக்கான கணக்குகள். ஏற்றத்தில் கால்களால் அழுத்தித் தள்ளுபவர் மேலும் எழும்புவார். முழங்காலை மடக்கி வாங்கிக்கொள்பவர் தாழ்வாகப் போவார்.

கட்டி முடித்துவிட்டோம். முதல் ஆளாக ஏறுவதற்குப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆகவே படிப்படியாகப் போங்கள். முதலில் மெதுவாக ஏறி, மேடை மேல் உருண்டு, இறக்கத்தில் இறங்குங்கள். சக்கரம் எங்காவது புதைகிறதா என்று பாருங்கள். அடுத்து, ஓடுதளத்தில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அங்கிருந்து மிதிக்காமல் உருண்டு வாருங்கள். மிதிக்காமல் வந்தால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே வேகம் கிடைக்கும். மேடையின் மேல் மெல்லிய ஈரமண்ணைத் தடவிவைத்தால் பின்சக்கரம் விழும் இடம் தடமாகப் பதியும். தடம் மேடையில் இருக்கும்வரை, கல்லை ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போகலாம். தடம் இறக்கத்தின் மேல்பாதிக்கு வந்ததும் அந்த இடமே உங்கள் புறப்படும் கோடு.

அடிவாரத்தில் 21 கி.மீ. வேகத்தை மிதிக்காமலே எடுக்க, உராய்வே இல்லாவிட்டால் 1.75 மீட்டர் உயரத் தொடக்கமேடு போதும்; உண்மையில் 2 மீட்டருக்கு மேல் தேவைப்படும். ஹெல்மெட், முழங்கால் காப்பு, கையுறை இல்லாமல் ஏறாதீர்கள். முகத்தையும் மூடும் ஹெல்மெட் இன்னும் சிறந்தது. தனியாகச் சோதிக்கவே கூடாது. இறக்கத்தின் இருபக்கமும் 2 மீட்டருக்குக் கல், அடிக்கட்டை, முளைகள் எதுவும் இல்லாமல் துப்புரவாக்கிவிடுங்கள்.

ஒரு மழை பெய்ததும் ஏற்றத்தின் அடிவாரம் குளமாகிவிட்டது. என்ன செய்வது?

ஏற்றத்துக்குப் பக்கத்திலேயே மண் தோண்டியிருப்பீர்கள். 5 கன மீட்டர் மண் எடுத்த பள்ளம் மழைநீரைச் சேர்த்துவைத்து, மேட்டின் வேரை ஊறவைக்கும். பள்ளத்தை ஜம்ப்பிலிருந்து சில மீட்டர் தள்ளித் தோண்டுங்கள். இப்போதே தோண்டிவிட்டீர்கள் என்றால், அதன் தாழ்வான ஓரத்திலிருந்து வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றுங்கள்.

ஓடுதளம் முழுவதும் ஒரு பக்கமாக, மீட்டருக்கு 2 அல்லது 3 செ.மீ. சரிந்திருக்க வேண்டும். ஓட்டும்போது அது தெரியாது, நீருக்குத் தெரியும். மேடையின் நடுப்பகுதியும் ஓரங்களைவிட ஓரிரு செ.மீ. உயர்ந்திருக்கட்டும். மேட்டுப்பக்கத்திலிருந்து நீர் வழிந்து வரும் இடமென்றால், அது ஜம்ப்பை அடையும் முன்பே தடுத்துத் திருப்பும் வாய்க்கால் ஒன்று அவசியம். கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், நல்ல மழை பெய்யும்போது அங்கே போய் நின்று நீர் போகும் வழியைப் பார்ப்பதைவிடச் சிறந்த ஆய்வு எதுவுமில்லை.

மழைக்குப் பிறகு எப்போது ஓட்டலாம்?

கட்டைவிரலால் விளிம்பை அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் அன்று வேண்டாம். ஈரத்தில் ஓட்டினால் டயர் தடம் பள்ளமாகி, காய்ந்ததும் கல்லாக நின்றுவிடும். ஆனால் லேசான ஈரம் இருக்கும் அந்த நாள் செப்பனிடுவதற்கு மிக உகந்தது. சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு ஷவலை எடுங்கள்.

விளிம்பு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒட்டினால் மறுநாளே பெயர்ந்து விழுகிறது.

காய்ந்த மண்ணின் மேல் ஈரமண் ஒட்டாது. உதிர்ந்த பகுதியை ஒரு கையகல ஆழத்துக்குச் சதுரமாக வெட்டியெடுத்து, வெட்டுவாயை நனைத்து, நீர் உள்ளே இறங்கும்வரை பொறுத்து, புது மண்ணை அடுக்கடுக்காக அடித்து நிரப்புங்கள். பிறகு அச்சுப்பலகையை வைத்துச் சீவுங்கள். வெயில் கடுமையான நாட்களில், செப்பனிட்ட இடத்தை ஈரச் சாக்கால் மூடி மெதுவாகக் காயவிட்டால் வெடிக்காது. நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் மேட்டின் மேல் தார்ப்பாய் போட்டுவையுங்கள். பக்கச் சரிவுகளில் புல் வளரவிடுவது மண்ணைப் பிடித்துவைக்கும். சக்கரம் படும் இடத்தில் மட்டும் புல் கூடாது.

காற்றில் போகும்போது முன்சக்கரம் கீழே குத்துகிறது. ஜம்ப்பில் தப்பா, என்னிடம் தப்பா?

முதலில் ஜம்ப்பைப் பாருங்கள். அச்சுப்பலகையை ஏற்றத்தில் வைக்கும்போது மேல்முனையில் இடைவெளி தெரிந்தால், விளிம்பு தேய்ந்து உருண்டையாகிவிட்டது என்று பொருள். முன்சக்கரம் அந்த உருண்டையைத் தாண்டியதும் கீழ்நோக்கித் திரும்ப, பின்சக்கரம் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். சைக்கிள் முன்பக்கமாகக் கவிழ்வது அதனால்தான். முந்தைய பதிலில் சொன்னபடி விளிம்பைப் புதுப்பித்தால் இது தீரும்.

பலகை சரியாக உட்கார்ந்தால், காரணம் ஓட்டுபவரின் உடலில் இருக்கிறது. கைகால்களை விறைப்பாக வைத்துக்கொண்டு ஏறினால், முன்சக்கரம் விளிம்பை விட்ட பின்னும் பின்சக்கரத்தை வளைவு மேலே உதைக்கும். அந்த உதை நேராக உடலைத் தூக்கி முன்னே தள்ளும். ஏற்றத்தின் அடியில் கைகால்களை மடக்கி, விளிம்பை நெருங்கும்போது நிமிர்ந்து, பின்சக்கரம் விட்டதும் மீண்டும் தளர்த்த வேண்டும். இதைத் தாழ்வான ரோலர்களில் பழகுவது எளிது.

வரிசையாக மூன்று ஜம்ப் கட்ட ஆசை. நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும்?

ஓர் இறக்கத்தின் முடிவிலிருந்து அடுத்த ஏற்றத்தின் தொடக்கம்வரை, தொடக்கநிலையினருக்கு ஒரு விநாடியாவது வேண்டும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 5.6 மீட்டர் கடக்கிறோம். எனவே 6 மீட்டர் விடுங்கள். முதல் ஜம்ப்பை ஓட்டிப் பழகி, வெளியேறும் வேகத்தை அறிந்த பிறகே இரண்டாவதற்கு முளை அடியுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் காகிதத்தில் திட்டமிட்டுக் கட்டியவர்கள், இரண்டாவதை இடித்துக் கட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு வெளியே யாரும் பயன்படுத்தாத இடம் இருக்கிறது. அங்கே கட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்?

உரிமையாளர் இல்லாத நிலம் என்று ஒன்று கிடையாது. எழுத்தில் அனுமதி வாங்காமல் கட்டினால் என்றாவது ஒருநாள் அது இடிக்கப்படும்; பல வார உழைப்பு அரை மணி நேரத்தில் சமதரையாகும். அதைவிட முக்கியமானது, அங்கே இருட்டில் நடந்துபோகும் ஒருவர் உங்கள் பள்ளத்தில் விழக்கூடும், அல்லது முன்பின் தெரியாத சிறுவன் உங்கள் ஏற்றத்தில் ஏறக்கூடும். அனுமதி கிடைத்த இடத்திலும் மரங்களின் அடியில் தோண்டாதீர்கள். வேர் அறுபட்ட மரம் உடனே காட்டிக்கொள்ளாமல் மெல்ல மெல்லப் பட்டுப்போகும்.

டேபிள்டாப் அலுத்துவிட்டது. நடுவில் இருக்கும் மண்ணை எடுத்து டபுளாக்கலாமா?

ஆக்கலாம், ஒரே நாளில் வேண்டாம். முன்பு சொன்ன தடம் பார்க்கும் முறையில், தொடர்ந்து இருபது முறையாவது பின்சக்கரம் இறக்கத்தின் மேல்பாதியில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு மேடையில் விழுந்திருந்தாலும் மண்ணைத் தொடாதீர்கள். அந்த நிலைக்கு வந்த பிறகு, மேடையின் நடுவில் ஒரு முழ ஆழத்துக்கு மட்டும் கிண்ணம்போல வெட்டி, சில வாரம் ஓட்டுங்கள். ஏற்றத்தின் பின்சுவரையும் இறக்கத்தின் முன்சுவரையும் செங்குத்தாக வெட்டாமல் சரிவாகவே விடுங்கள். செங்குத்துச் சுவர் சரியும், வேகம் குறைந்து வருபவரையும் தாங்காது. இறக்கத்தின் உச்சியைக் கூராக விடாமல், உள்ளங்கை வளைவுக்கு உருட்டி அடியுங்கள்.

வெட்டியெடுத்த மண்ணை வேறெங்கும் கொண்டுபோக வேண்டாம். தள்ளுவண்டியை நேராக இறக்கத்தின் அடிக்குத் தள்ளி, 15 செ.மீ. அடுக்காகப் பரப்பி, அதன் நீளத்தைக் கூட்டுங்கள்.